'கச்சேரிப் பொருளாதாரம்': மேடையைத் தாங்கும் தோள்களுக்குக் கணக்கில் இடமில்லையா?

2025 ஜனவரி 28 அன்று புவனேஸ்வரத்தில் நடைபெற்ற முதலீட்டாளர் மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோடி ஒரு புதிய சொல்லுக்கு அரசு முத்திரை குத்தினார். நவி மும்பையிலும் அகமதாபாத்திலும் அந்த மாதம் நடந்து முடிந்திருந்த கோல்ட்பிளே இசைக்குழுவின் நிகழ்ச்சிகளைச் சுட்டிக்காட்டி, இந்தியாவில் 'கச்சேரிப் பொருளாதாரத்துக்கு' மிகப்பெரும் வாய்ப்பு காத்திருக்கிறது என்றார். மாநில அரசுகளும் தனியார் துறையும் அதற்கான உள்கட்டமைப்பிலும் திறன் வளர்ச்சியிலும் கவனம் செலுத்த வேண்டும் என்றும் அழைப்பு விடுத்தார்.

அதன்பின் கணக்குகள் வந்து குவிந்தன. அகமதாபாத்தில் ஜனவரி 25, 26 ஆகிய இரு நாட்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாகவும், அவ்விரு நிகழ்ச்சிகளால் 641 கோடி ரூபாய் அளவுக்குப் பொருளாதாரத் தாக்கம் ஏற்பட்டதாகவும் டிக்கெட் விற்ற நிறுவனமும் அதன் ஆலோசனை நிறுவனமும் அறிவித்தன. அமைப்பாக்கப்பட்ட நேரடி நிகழ்ச்சித் துறை 2024ஆம் ஆண்டில் 10,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டதென முதலாளிகள் சங்கத்தின் ஆண்டறிக்கை பெருமிதம் கொண்டது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் நேரடி நிகழ்ச்சிகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டு, அனுமதிகளை ஒற்றைச் சாளரத்தில் வழங்கும் ஏற்பாடு பேசப்பட்டது.

விடுதி அறைகளின் வாடகை எவ்வளவு ஏறியது, எத்தனை விமானங்கள் நிரம்பின, சரக்கு மற்றும் சேவை வரியாக எவ்வளவு கிடைத்தது என்பதெல்லாம் இந்தக் கணக்குகளில் உண்டு. அந்த மேடையைக் கட்டியவர்களுக்கு ஒரு நாளுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை, கீழே விழுந்தால் யார் பொறுப்பு என்பவை மட்டும் இல்லை. வேலைவாய்ப்பு என்ற தலைப்பின்கீழ் அவர்கள் ஒரு மொத்த எண்ணாக வந்துபோகிறார்கள். ஆளும் வர்க்கத்தின் பொருளாதாரம் தொழிலாளியை எண்ணுவது அவ்வளவுதான்.

ஒரு மேடை எழும் விதம்

பார்வையாளர் காண்பது இரண்டு மூன்று மணி நேர நிகழ்ச்சி. அதற்குப் பல நாட்கள் முன்பே திடலுக்குள் லாரிகள் நுழைந்துவிடுகின்றன. முதலில் புல்தரையைக் காக்கும் பலகைகள் விரிக்கப்படுகின்றன. அதன்மேல் இரும்புக் குழாய்களாலான சாரமும் மேடைத் தளமும் எழும்புகின்றன. தொழிலில் 'டிரஸ்' எனப்படும் அலுமினியச் சட்டகங்கள் தரையில் கோக்கப்பட்டு, சங்கிலி மோட்டார்களின் துணையோடு கூரை உயரத்துக்கு ஏற்றப்படுகின்றன. ஒலிபெருக்கி வரிசைகளும் நகரும் விளக்குகளும் எல்.இ.டி. திரைகளுமாகப் பல டன் எடை அந்தச் சட்டகத்தில் தொங்குகிறது. அவற்றைத் தொங்கவிடும் தொழிலாளிக்கு 'ரிக்கர்' என்று பெயர். எடைக் கணக்கில் அவர் செய்யும் ஒரு பிழை, கீழே நிற்கும் பலரின் உயிருக்கு விலையாகும்.

ஜெனரேட்டரிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் கேபிள் இழுத்து, மழை ஈரத்திலும் மின்சாரம் பாயாதபடி காக்கிறவர் ஒரு மின் பணியாளர். பாடகருக்குத் தன் குரல் தன் காதில் சரியாகக் கேட்பது, மேடையோரத்தில் ஒலிக்கலவைக் கருவியின் முன் அமர்ந்திருக்கும் ஒருவரின் திறமையால். கிதாரின் தந்தி அறுந்தால், ரசிகர் கவனிப்பதற்குள் சுருதி சேர்த்த மற்றொரு கிதாரோடு ஓடிவருகிறவர் இன்னொருவர். கூட்டம் மேடைமீது சரியாமல் தடுக்கும் இரும்புத் தடுப்புகளை நட்டவர்களும் கழிவறைகளைத் தூய்மை செய்கிறவர்களும் இந்தப் படையைச் சேர்ந்தவர்களே.

கடைசிப் பாடல் முடிந்து ரசிகர்கள் வீடு திரும்பும் நேரத்தில் இவர்களுக்கு அடுத்த வேலை தொடங்குகிறது. நாள்கணக்கில் எழுப்பியதை ஒரே இரவில் பிரித்து லாரியில் ஏற்ற வேண்டும். திடலின் வாடகை நாள் கணக்கில் ஓடுகிறது என்பதால் விடிவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். மேடைத் தொழிலில் மிக ஆபத்தான நேரம் இதுவே: உடல் களைத்திருக்கும், மேற்பார்வை தளர்ந்திருக்கும், தலைக்கு மேலே டன் கணக்கில் எடை இறங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு நாள் இடைவெளியில் 1,400 கிலோமீட்டர்

சுற்றுப்பயண இசை என்பதன் பொருளை அதன் நாட்காட்டியே சொல்லிவிடும். பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்சின் 2024ஆம் ஆண்டு இந்தியப் பயணத்தில் நவம்பர் 15 ஐதராபாத், நவம்பர் 17 அகமதாபாத். நவம்பர் 22 லக்னோ, நவம்பர் 24 புணே. டிசம்பர் 6 பெங்களூரு, டிசம்பர் 8 இந்தூர். லக்னோவிலிருந்து புணேவுக்குச் சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். 2025இல் எட் ஷீரன் ஜனவரி 30 முதல் பிப்ரவரி 15 வரையிலான 17 நாட்களில் புணே, ஐதராபாத், சென்னை, பெங்களூரு, ஷில்லாங், குருகிராம் என ஆறு நகரங்களில் பாடினார்.

கலைஞர் விமானத்தில் செல்கிறார். தளவாடங்களும் அவற்றோடு செல்லும் ஆட்களும் பெரும்பாலும் சாலையில் செல்கிறார்கள். பெரிய பயணங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மேடைத் தொகுப்புகள் மாறிமாறிப் போவதுண்டு. சாரமும் தடுப்புகளும் உள்ளூரில் வாடகைக்கு எடுக்கப்படுவதும் உண்டு. ஆனால் பயணக் குழுவின் ஒலிப் பொறியாளரும் விளக்கு இயக்குநரும் கருவிப் பராமரிப்பாளரும் இரண்டு தொகுப்புகளாகப் பிரிய முடியாது. ஒரு நகரில் நள்ளிரவில் மூட்டை கட்டி, அடுத்த நகரில் காலையில் மேடையேற வேண்டியவர்கள் அவர்கள். லாரி ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரம்பு கட்டியது. மேற்கண்ட நாட்காட்டியைத் தயாரிப்பவர்களின் மேசையில் அந்த வரம்புக்கு இடமிருந்ததா என்பதை அந்தத் தேதிகளே காட்டிக்கொடுக்கின்றன.

வேலை நேரம் தற்செயலாக நீள்வதில்லை. டிக்கெட் விற்றுவிட்ட நாளை மாற்ற முடியாது. திடல் கிடைக்கும் நாட்களைக் கூட்டினால் செலவு கூடும். கலைஞரின் நாட்கள் விலைமதிப்புள்ளவை. இந்த மூன்றும் அசையாதபோது அசையக்கூடியது ஒன்றுதான்: தொழிலாளியின் தூக்கம். லாபக் கணக்கின் இறுக்கத்தை அவனுடைய உடல் ஈடுகட்டுகிறது.

முதலாளி யார்?

இந்தத் தொழிலாளியிடம் 'உன் முதலாளி யார்?' என்று கேட்டால் விடை எளிதில் கிடைக்காது. கலைஞரின் நிர்வாக நிறுவனம் ஒரு விளம்பரதாரரோடு ஒப்பந்தம் செய்கிறது. அவர் நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைக்கிறார். அந்த நிறுவனம் ஒலிக்கு ஒருவர், ஒளிக்கு ஒருவர், மேடைக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர் என வாடகை நிறுவனங்களை அமர்த்துகிறது. வாடகை நிறுவனம் ஆட்களுக்காகக் கூலி ஒப்பந்தக்காரரை அழைக்கிறது. அவர் ஒரு மேஸ்திரிக்குப் பேசுகிறார். மேஸ்திரி தன் கிராமத்திலிருந்தோ நகரின் கூலிச் சந்தையிலிருந்தோ ஆட்களைக் கூட்டிவருகிறார். மேலிருந்து கீழே ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு கழிகிறது. ஒவ்வொரு படியிலும் பொறுப்பும் கழிகிறது.

மேல்படியில் டிக்கெட் பணம் நிகழ்ச்சிக்குப் பல மாதம் முன்பே கைக்கு வந்துவிடுகிறது. கோல்ட்பிளே நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட் விற்பனை 2024 செப்டம்பரில் தொடங்கியது. குறைந்த விலை 2,500 ரூபாய், உயர்ந்த விலை 35,000 ரூபாய். கள்ளச் சந்தையில் லட்சக்கணக்கில் பேரம் நடந்தது. ஆனால் கீழ்ப்படியில் சிறு வாடகை நிறுவனம் தன் பாக்கிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறது. கடன் வாங்கி ஒலிபெருக்கி வாங்கிய அந்தச் சிறு உரிமையாளரும் நசுக்கப்படுகிறவரே. அவர் தன் நெருக்கடியைத் தன் கீழுள்ள தினக்கூலியின் தோளுக்கு மாற்றுகிறார். கடைசிப் படியில் நிற்பவனுக்கு மாற்றிவிட ஆள் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தச் சங்கிலியின் உண்மை முகம் வெளிப்பட்டது. நாட்டின் எல்லா மேடைகளும் ஒரே வாரத்தில் இருண்டன. மாதக்கணக்கில் திறக்கப்படாத கடைசிக் கதவுகளில் மேடையின் கதவும் ஒன்று. நிவாரணம் கேட்டுச் செல்லவும் இவர்களிடம் ஒரு சான்று இல்லை. பணிப்பதிவேட்டில் பெயர் இல்லை. நல வாரிய அட்டை இல்லை. 'இவர் எங்களிடம் வேலை செய்தார்' என்று கையெழுத்திட ஒரு முதலாளி இல்லை.

தொகுப்புச் சட்டங்கள் விரித்த வலை

2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 29 சட்டங்களை விழுங்கிய இந்தத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளர்க்கும் நியமனக் கடிதமும் குறைந்தபட்சக் கூலியும் தரும் என்று விளம்பரம் செய்யப்படுகிறது. மேடைத் தொழிலாளியின் நிலையில் நின்று அந்த விளம்பரத்தைச் சோதிக்கலாம்.

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970ஆம் ஆண்டு முதல் 20 பேரை அமர்த்தும் ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்தியது. புதிய தொகுப்பு அந்த வரம்பை 50 ஆக உயர்த்திவிட்டது. ஒரு திடலில் 400 பேர் வேலை செய்தாலும், ஒலி, ஒளி, மேடை, மின்சாரம், தடுப்பு என ஒப்பந்தங்கள் சிதறிக் கிடக்கையில், ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் 49 பேரோடு நின்றுவிடுவது எவ்வளவு எளிது! மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர்க்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் 5 பேருக்கே பொருந்தியது. இப்போது 10 பேர் வேண்டும். சுற்றுப்பயணத் தொழிலே மாநிலம் விட்டு மாநிலம் போவதுதான் என்ற நிலையில் இந்த மாற்றம் யாருக்குச் சாதகம் என்று விளக்கத் தேவையில்லை.

நியமனக் கடிதம் எல்லோர்க்கும் உண்டு என்கிறார்கள். ஐந்து நாள் வேலைக்கு, நான்கு படிகள் கொண்ட சங்கிலியில், அந்தக் கடிதத்தை எழுதப்போவது மேஸ்திரியா? குறைந்தபட்சக் கூலி எல்லோர்க்கும் உண்டு என்கிறார்கள். முதலாளி யாரென்றே நிறுவ முடியாதவன் யார்மீது வழக்குத் தொடுப்பான்? ஆய்வாளரை 'வசதி செய்து தருபவராக' மாற்றி, ஆய்வுகளைக் கணினியின் குலுக்கலுக்கு விட்டுவிட்ட சட்டம், ஒரே இரவில் எழுந்து மறு இரவில் மறையும் பணியிடத்தை எப்போது ஆய்வு செய்யும்?

இன்னொரு விந்தையும் உண்டு. 1981ஆம் ஆண்டின் திரைப்படத் தொழிலாளர் சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட பாதுகாப்புத் தொகுப்பு, 'ஒலி-ஒளித் தொழிலாளர்' என்று ஒரு வகையை வரையறுக்கிறது. திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், இணையத் தொடர், ரியாலிட்டி நிகழ்ச்சி, விளையாட்டு நிகழ்ச்சி ஆகியவற்றின் தயாரிப்பில் பணிபுரிவோர்க்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. நேரடி இசை மேடை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஒரே ரிக்கர், அதே டிரஸ்ஸை, அதே உயரத்தில், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்காகக் கட்டினால் சட்டத்துக்குத் தெரிகிறார். ரசிகர்கள் நேரில் பார்க்கும் கச்சேரிக்காகக் கட்டினால் மங்கிப்போகிறார்.

இதற்கெல்லாம் மேலாக, போராடும் உரிமை. தொழிலுறவுத் தொகுப்பின்படி வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஐந்து நாள் வேலைக்கு வந்தவன் 14 நாள் முன்னறிவிப்புத் தருவது எப்படி? வேலைக்குச் சேரும் முன்பே வேலைநிறுத்தம் அறிவிக்க வேண்டும்! குறுகிய காலப் பணியில் உள்ள அனைவரின் வேலைநிறுத்த உரிமையையும் சொல்லாமலேயே பறித்துவிட்ட பிரிவு இது. 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் மத்தியத் தொழிற்சங்கங்கள் இந்தத் தொகுப்புகளுக்கு எதிராக எழுப்பிய முழக்கம் ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று.

விழுகிறவர் யாரென்பதைப் பொறுத்ததா நீதி?

2012 ஜூன் 16 அன்று கனடாவின் டொரான்டோ நகரில் ரேடியோஹெட் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்காக எழுப்பப்பட்ட மேடைக்கூரை, ரசிகர்கள் உள்ளே வருமுன் சரிந்து விழுந்தது. டிரம் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர் உயிரிழந்தார். ஏற்பாட்டாளர், மேடை அமைத்தவர், பொறியாளர் ஆகியோர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு, தாமதத்தைக் காரணம் காட்டி 2017இல் நிறுத்தப்பட்டது. யாரும் தண்டிக்கப்படவில்லை. வளர்ந்த நாடு, உலகப் புகழ்பெற்ற குழு, அந்தக் குழுவே நீதி கேட்டுக் குரல் எழுப்பியும் நிலை இதுதான். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் காற்றில் மேடை சரிந்து ஏழு பேர் மடிந்தார்கள். அவர்களில் மேடைத் தொழிலாளியும் ஒருவர்.

இந்தியாவில் 2024 ஜனவரியில் டில்லி கல்காஜி கோயில் வளாகத்து இசை நிகழ்ச்சியில் மேடை சரிந்து ஒரு பெண் உயிரிழந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் கொச்சி விளையாட்டரங்க மேடையிலிருந்து ஒரு சட்டமன்ற உறுப்பினர் விழுந்து படுகாயமடைந்தார். இவை செய்தியாயின, ஆவதே முறை. ஆனால் பார்வையாளர் வருமுன் சாரத்திலிருந்து விழும் தொழிலாளி, உள்ளூர்ப் பதிப்பில் 'கூலித் தொழிலாளி' என்ற பெயரில் சில வரிகளில் முடிந்துபோகிறார். மேடை விபத்து என்ற தலைப்பில் நாட்டில் தனிப் பதிவேடு பராமரிக்கப்படாதபோது, அரசின் கணக்கில் அந்தச் சாவு ஒரு தொழிலின் சாவாகக்கூட எண்ணப்படுவதில்லை.

சென்னை அருகே 2020 பிப்ரவரி 19 அன்று 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் விளக்குகள் பொருத்திய கிரேன் சரிந்து மூவர் உயிரிழந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே இழப்பீடும் தளப் பாதுகாப்பும் உடனே பேசுபொருளாயின. அதற்குக் காரணம், இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்களை இணைத்த தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் என்ற அமைப்பு இருந்தது. சங்கத்தின் குறைகள் எவையாக இருப்பினும், இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்க ஒரு வாசல் இருந்தது. மேடைத் தொழிலாளிக்கு அந்த வாசலும் இல்லை.

இரண்டு வாதங்கள்

முதல் வாதம் முதலாளிகளுடையது. 'இவர்கள் கூலிகள் அல்லர், சுதந்திரப் பணியாளர்கள். இசைமீதுள்ள காதலால் இந்த வாழ்வைத் தேர்ந்தவர்கள். ஊர் ஊராய்ப் போவதே அவர்களுக்குக் கொண்டாட்டம்.' தொழில்மீது பற்றுக் கொள்வது தொழிலாளியின் பெருமை. நெசவாளிக்குத் தறிமீது பற்று உண்டு. செவிலியர்க்கு நோயாளிமீது பரிவு உண்டு. அந்தப் பற்றைக் கூலியிலிருந்து கழிக்கும் உரிமையை யாரும் முதலாளிக்கு எழுதித்தரவில்லை. வேலையை மறுத்தால் அடுத்த பயணத்துக்கு அழைப்பு வராது என்ற அச்சத்தில் வாழ்பவரைச் சுதந்திரப் பணியாளர் என்பது சொல்லால் செய்யும் மோசடி. அங்கே சுதந்திரமாக இருப்பது பணியாளர் அல்லர். பொறுப்பிலிருந்து விடுதலை பெற்ற முதலாளியே.

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விப்ட் 2023இல் தன் பயணத்தின் லாரி ஓட்டுநர்களுக்குத் தலா 1,00,000 டாலர் ஊக்கத்தொகை வழங்கியதாகச் செய்திகள் வெளியாகி உலகமே வியந்தது. அந்தத் தாராளத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வியப்பே ஒன்றை ஒப்புக்கொள்கிறது: அந்தப் பயணத்தின் வருவாயில் ஓட்டுநரின் பங்கு அவ்வளவு பெரியது. ஒரு கலைஞரின் நல்ல மனத்தால் கிடைத்தால் அது கொடை. கூட்டுப் பேரத்தால் கிடைத்தால்தான் அது உரிமை. கொடை அடுத்த பயணத்தில் கிடைக்காமலும் போகலாம்.

இரண்டாவது வாதம் இடதுசாரி வட்டாரங்களிலேயே சிலசமயம் ஒலிக்கிறது. 'முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்துப் பாட்டுக் கேட்கிறவர்களின் கேளிக்கை இது. உழைக்கும் மக்களின் இயக்கத்துக்கு இதில் என்ன வேலை?' இதற்கு மார்க்சே விடை தந்திருக்கிறார். உபரி மதிப்புக் கொள்கைகள் பற்றிய தன் ஆய்வில் அவர் பாடகியின் உழைப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறார்: தன் விருப்பப்படி பாட்டை விற்கும் பாடகி உற்பத்தித் தொழிலாளி அல்லர், அதே பாடகியை ஒரு முதலாளி பணம் பண்ணுவதற்காக அமர்த்திப் பாடவைத்தால் அவர் உற்பத்தித் தொழிலாளி ஆகிறார், ஏனெனில் அவர் மூலதனத்தை உற்பத்தி செய்கிறார். விற்கப்படும் சரக்கு என்ன, அதை வாங்குபவர் யார் என்பதால் சுரண்டல் நிர்ணயிக்கப்படுவதில்லை. உழைப்புக்கும் மூலதனத்துக்கும் இடையிலான உறவே அதை நிர்ணயிக்கிறது. ஐந்து நட்சத்திர விடுதியைக் கட்டும் கொத்தனாரைச் சங்கத்தில் சேர்க்க எவரும் தயங்கியதில்லை. ஐந்து நாள் மேடையைக் கட்டுபவரிடம் மட்டும் தயக்கம் ஏன்?

1943இல் பம்பாயில் பிறந்த இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மரபும் இங்கே நினைவுகூரத்தக்கது. வங்கப் பஞ்சத்தின் கொடுமையை நாடெங்கும் எடுத்துச் சென்ற அந்தக் கலைக்குழுக்களில் பாடியவர்க்கும் மூட்டை சுமந்தவர்க்கும் இடையே சுவர் இருந்ததில்லை. கலையைக் கூட்டு உழைப்பாகக் கண்ட மரபுக்கு உரியவர்கள், அந்தக் கூட்டு உழைப்பில் ஒரு பகுதி இருட்டில் தள்ளப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வென்றவர்களின் வழி

இந்தத் தொழிலாளர்களை அணிதிரட்ட முடியாது என்பது உண்மையன்று. அமெரிக்காவில் மேடைத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் 1893இலேயே உருவானது. அவர்களும் ஊர் ஊராய்ச் சுற்றியவர்கள். அவர்களுக்கும் நிலையான முதலாளி இருந்ததில்லை. 2007 நவம்பரில் நியூயார்க் மேடைத் தொழிலாளர்கள் 19 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது பிராட்வேயின் பெரும்பாலான அரங்குகள் மூடிக்கிடந்தன. நட்சத்திரங்கள் இருந்தார்கள், ரசிகர்கள் இருந்தார்கள், திரையை உயர்த்த ஆள் இல்லை. மேடைச் சரக்கைச் சேமித்து வைத்து நாளை விற்க முடியாது. இன்று மாலை ஏழு மணிக்கு விற்கவேண்டியது அந்த மணிக்கே அழிந்துவிடும். முதலாளியைத் தொழிலாளியின் தூக்கத்தைப் பறிக்கத் தூண்டும் அதே காலநெருக்கடி, ஒன்றுபட்ட தொழிலாளியின் கையில் வலிமையான ஆயுதமாகிறது.

இந்தியாவிலேயே முன்மாதிரிகள் உண்டு. ஒரே நாளில் பல முதலாளிகளிடம் சுமை தூக்கும் தொழிலாளிக்கு முதலாளி யாரென்ற சிக்கலை மகாராஷ்டிரத்தின் 1969ஆம் ஆண்டு மாத்தாடி சட்டம் தீர்த்துக் காட்டியது. முத்தரப்பு வாரியத்தில் தொழிலாளியும் முதலாளியும் பதிவுசெய்ய வேண்டும். கூலியும் அதன்மேல் தீர்வையும் வாரியத்தில் செலுத்தப்பட வேண்டும். வருங்கால வைப்பு நிதியும் மருத்துவமும் வாரியம் வழியே வரும். கேரளத்தின் சுமைத் தொழிலாளர் சட்டமும், தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் போராட்டங்களின் விளைவுகளே. சட்டம் தானாக நிலைக்காது என்பதையும் தமிழ்நாடு அறியும்: 2023 ஏப்ரலில் நிறைவேற்றப்பட்ட 12 மணி நேர வேலைச் சட்டத் திருத்தம், தொழிற்சங்கங்களின் ஒன்றுபட்ட எதிர்ப்பால்தான் அந்த மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

உடனடிக் கோரிக்கைகள்

பெரும் இசை நிகழ்ச்சிகள் எல்லாமே தனியாரின் சொந்த முற்றத்தில் நடப்பதில்லை. பல நிகழ்ச்சிகள் பொதுப்பணத்தில் கட்டிய விளையாட்டரங்குகளில் நடக்கின்றன. காவல்துறை காவல் நிற்கிறது. கோல்ட்பிளே நிகழ்ச்சிக்காக ரயில்வே சிறப்பு ரயில்களையே இயக்கியது. பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோர்க்கு நிபந்தனை விதிக்க அரசுக்கு முழு அதிகாரம் உண்டு. ஒற்றைச் சாளரத்தில் அனுமதி கேட்கும் முதலாளியிடம் அதே சாளரத்தில் சிலவற்றைக் கேட்க வேண்டும்.

திடலில் பணிபுரியும் ஒவ்வொருவரின் பெயரும் அடங்கிய பதிவேடும் விபத்துக் காப்பீடும் இல்லாமல் எந்த நிகழ்ச்சிக்கும் அனுமதி கூடாது. மேடையின் உறுதிக்குச் சான்றளிக்கும் பொறியாளரின் கையெழுத்தோடு, உயரத்தில் ஏறுவோர்க்குப் பாதுகாப்புக் கச்சையும் தலைக்கவசமும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இரு பணிகளுக்கு இடையே போதிய ஓய்வு நேரம் நிபந்தனையாக வேண்டும். ஒப்பந்தச் சங்கிலி எத்தனை படியாக இருந்தாலும், கூலிக்கும் இழப்பீட்டுக்கும் டிக்கெட் பணம் பெறும் ஏற்பாட்டாளரே இறுதிப் பொறுப்பு என்று எழுதப்பட வேண்டும்.

மேடை, பந்தல், சாரம் அமைக்கும் பணிகளைக் கட்டுமானப் பணியாக மாநில அரசுகள் அறிவிக்க வேண்டும். அதே குழாய், அதே உயரம், அதே ஆபத்து. கட்டடமானால் நல வாரியம், கச்சேரியானால் ஒன்றுமில்லை என்ற பாகுபாட்டுக்கு நியாயம் இல்லை. நேரடி நிகழ்ச்சித் தொழிலாளர்க்கு மாத்தாடி வழியில் தனி வாரியம் அமைத்து, ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு சிறு தீர்வை விதித்து அதற்கு நிதி திரட்ட வேண்டும். இவற்றோடு, தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களைத் திரும்பப்பெறும் பொதுப் போராட்டத்தில் இந்தப் பிரிவினரின் குரலும் சேர வேண்டும்.

இந்த வேலை சட்டமன்றத்தில் தொடங்குவதில்லை. மும்பையிலும் டில்லியிலும் பெங்களூருவிலும் ஐதராபாத்திலும் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளில் பணியாற்றும் தோழர்களுக்கு மின்பணியாளர்களோடும் ஓட்டுநர்களோடும் சாரம் கட்டுவோரோடும் ஏற்கனவே தொடர்பு உண்டு. ஒரே மேடையில் வேலை செய்யும் இவர்கள் இன்று மூன்று நான்கு தொழில்களாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் அறியாமல் கலைகிறார்கள். நிகழ்ச்சி முடிந்தபின் திடலின் பின்வாசலில், லாரிகள் நிற்கும் இடத்தில், அவர்களைச் சந்திப்பதிலிருந்து ஒரு சங்கம் தொடங்க முடியும். நகரங்களுக்கிடையே நகரும் தொழிலாளிக்கு நகரங்களுக்கிடையே இணைந்த அமைப்பு வேண்டும். அத்தகைய அகில இந்திய அமைப்பைக் கட்டும் வலிமை உழைக்கும் வர்க்க இயக்கத்துக்கு உண்டு.

கச்சேரிப் பொருளாதாரம் வளரட்டும், மக்கள் பாட்டுக் கேட்கட்டும், உள்ளம் மகிழட்டும். அதன் கூரையைத் தாங்கும் தோள்களுக்குப் பெயரும் கூலியும் ஓய்வும் பாதுகாப்பும் கிடைக்கும்வரை, அந்த வளர்ச்சிப் புள்ளிவிவரங்களை அரசின் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டுவது கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமை.